மௌனப் படத்துக்குக் குரல் தந்த வித்துவான்கள்

ஆர்கன் என்ற வாத்தியத்தின் பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது தேவாலயமே. ஜார்ஜ் டவுனில் ஃபார்குவார் வீதியிலுள்ள விண்ணேற்பு மாதா ஆலயத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த குழல் ஆர்கன் ஒன்று நூறாண்டைக் கடந்து நிற்கிறது; அதன் கம்பீரமான நாதத்தை ஒரு முறையேனும் கேட்டவர்கள், வழிபாட்டைத் தவிர வேறொரு காரியத்துக்கு அத்தகைய வாத்தியம் பயன்படக்கூடும் என்று எண்ணத் துணியமாட்டார்கள். ஆயினும் அதே வம்சத்தில் பிறந்த மற்றொரு வாத்தியம், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டுச் சினிமாக் கொட்டகைகளில் சிங்காசனம் ஏறி, ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் எண்ணற்ற வித்துவான்களுக்குச் சோறும் புகழும் அளித்து, பின்பு அவர்களில் மிகப் பலரை வேலையின்றி நிறுத்திவிட்டது. அவர்களுடைய சரித்திரம் எங்கோ நடந்த அந்நிய விஷயமன்று. மேடைக்கு வாசித்துப் பிழைத்த நம் பினாங்குக் கலைஞர்களின் சரித்திரத்தையும் அதன் வெளிச்சத்தில் நாம் தெளிவாகக் காணலாம்.

சினிமா பிறந்தபோது அதற்குப் பேச்சு இல்லை. திரையில் குதிரை பாய்ந்தால் குளம்பொலி கேட்காது. தாய் அழுதால் விம்மல் கேட்காது. சபையில் கேட்பதெல்லாம் படம் காட்டும் யந்திரத்தின் கடகட சப்தமும், பக்கத்தில் இருப்பவர் இருமுவதும்தான். இந்த மௌனத்தை நிரப்ப வேண்டிய அவசியம் முதல் நாளிலேயே உணரப்பட்டதால், சிறிய கொட்டகைகளில் ஒரு பியானோவும், பெரிய நகரத்து மாளிகைகளில் பல வாத்தியங்கள் அடங்கிய கோஷ்டியும் திரைக்குக் கீழே இடம் பெற்றன. ஆனால் நாள்தோறும் பல காட்சிகளுக்குப் பெரிய கோஷ்டியை வைத்துச் சம்பளம் கொடுப்பது முதலாளிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. ஒரே மனிதர் உட்கார்ந்து ஒரு கோஷ்டியின் வேலை முழுவதையும் செய்யக்கூடிய வாத்தியம் ஒன்று கிடைக்குமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர்கள் ஏங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தியேட்டர் ஆர்கன் தோன்றியது.

அதற்கு வழி வகுத்தவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1859-ல் பிறந்த அவர் தொழிலால் டெலிபோன் துறையின் மின்சார நிபுணர். சங்கீதத்தில் கொண்ட பற்றினால், தாம் அறிந்த மின்சார வித்தையை ஆர்கனிலே புகுத்த முற்பட்டார். குழல் ஆர்கன் என்பது, அளவில் சிறிதும் பெரிதுமாக வரிசை வரிசையாக நிறுத்தப்பட்ட குழல்களினுள் காற்றைச் செலுத்தி நாதம் எழுப்பும் வாத்தியம். ஒவ்வொரு வரிசைக் குழலுக்கும் ஒவ்வொரு வகையான குரல் உண்டு. பழைய முறையில், வித்துவான் அழுத்தும் கட்டைக்கும் தொலைவிலிருக்கும் குழலுக்கும் இடையே மரத்தினாலான நெம்புகோல்களும் கம்பிகளும் இருந்தன. ஹோப்-ஜோன்ஸ் அவற்றை அகற்றி மின்கம்பியால் இணைத்தார். அதன் பயனாக, வித்துவான் உட்காரும் பீடம் ஓரிடத்திலும் குழல்கள் வேறிடத்திலும் இருக்க முடிந்தது. அதைவிட முக்கியமாக, ஒரே வரிசைக் குழல்களைப் பல ஸ்தாயிகளிலும், பல கட்டை வரிசைகளிலிருந்தும் ஒலிக்கச் செய்ய முடிந்ததால், குறைந்த குழல்களைக் கொண்டே பெரிய கோஷ்டியின் நாதப் பெருக்கை உண்டாக்க வழி பிறந்தது.

1903-ல் அமெரிக்கா சென்ற அவருக்கு வித்தை இருந்த அளவுக்கு வியாபாரத் திறமை வாய்க்கவில்லை. நடத்திய கம்பெனி நொடித்துப்போகவே, 1910-ல் அதையும் தம்முடைய உரிமைகளையும் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த வுர்லிட்ஸர் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அங்கும் மன நிம்மதி கிட்டாமல், 1914-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய கற்பனையை மூலதனமாகக் கொண்டு வுர்லிட்ஸர் கம்பெனி பின்னர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து விற்றது என்பதை அறியும்போது, கண்டுபிடித்தவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன் என்னும் உலக வழக்கம் நம் நெஞ்சை உறுத்தாமல் இராது.

இனி, அந்த வாத்தியத்தின் முன் அமர்ந்தவர்களின் தொழில் எத்தகையது என்று பார்ப்போம். குதிரை லாட வடிவில் வளைந்த பீடத்தில், வர்ணம் வர்ணமான நாக்குகள் போன்ற விசைகள் வரிசையாக இருக்கும். இரண்டு கைகளுக்கு இரண்டு முதல் நான்கு வரை கட்டை வரிசைகள். கால்களுக்கு மந்தர ஸ்தாயிக் கட்டைகள். ஒரு பாதத்துக்கு, குழல் அறையின் கதவுப் பலகைகளைத் திறந்து மூடி ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் உதவும் மிதிகட்டை. குழல்களின் நாதத்தை நடுங்கச் செய்து இதயத்தை உருக்கும் உபாயமும் அதில் உண்டு. மத்தளம், ஜால்ரா, மணி முதலியவற்றோடு பறவையின் கூவல், குதிரைக் குளம்பொலி, ரயிலின் ஊதல், தீயணைக்கும் வண்டியின் அபாயச் சங்கு ஆகியவையும் ஒரு விசையைத் தொட்டால் ஒலிக்கும். கைகள், கால்கள், கண்கள், செவிகள் ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் வெவ்வேறு காரியத்தில் ஈடுபட்டிருக்க, மனம் மட்டும் திரையில் நடக்கும் கதையோடு ஒன்றியிருக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் இலக்கணம்.

இவ்வித்துவான்களில் பலர் தேவாலயங்களில் பயின்று வந்தவர்கள். ஆனால் கீதங்களை எழுதியபடி வாசிக்கும் பயிற்சி மட்டும் இங்கே போதாது. எந்தக் கட்டத்தில் எந்த வகைச் சங்கீதம் பொருந்தும் என்ற குறிப்புத் தாள் படத்தோடு வருவதுண்டு என்றாலும், ஓர் உருப்படியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது இடைவெளி தெரியாமல் இட்டு நிரப்புவது அவரவருடைய மனோதர்மத்தைப் பொறுத்தது. படச்சுருள் அறுந்து திரை இருண்டுவிட்டால், சபையோர் பொறுமை இழக்காதபடி வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியவரும் அவரே. நம் கச்சேரி வித்துவானிடம் நாம் எதிர்பார்க்கும் கற்பனை ஸ்வரத்தின் சாமர்த்தியத்தை, இருட்டில், திரையைப் பார்த்த வண்ணம், நாளுக்குப் பல முறை காட்ட வேண்டியிருந்த அந்தக் கலைஞர்களைக் கூலிக்கு வாசித்தவர்கள் என்று எளிதாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இவர்களுள் தலைசிறந்த புகழ் பெற்றவர் ஜெஸ்ஸி கிராஃபோர்ட். 1895-ல் பிறந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்து, தம் முயற்சியாலேயே சங்கீதம் கற்ற அவர், லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிகாகோவிலும் பெயர் பெற்ற பின், 1926-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட பாரமவுண்ட் தியேட்டரின் ஆஸ்தான வித்துவானார். நான்கு கட்டை வரிசைகளும் முப்பத்தாறு குழல் வரிசைகளும் கொண்ட அந்த ஆர்கனின் பீடம், அவர் அமர்ந்தபடியே பாதாளத்திலிருந்து மின்விளக்கின் ஒளியில் மெல்ல மேலெழும்போது, படத்தை மறந்து அவருக்காகவே ஜனங்கள் கரகோஷம் செய்தார்கள். அவருடைய மனைவி ஹெலனும் தேர்ந்த விதுஷி. தம்பதிகள் இரு பீடங்களில் அமர்ந்து சேர்ந்து வாசித்தது அக்காலத்து அதிசயங்களில் ஒன்று. கிராமபோன் தட்டுகள் அவருடைய புகழை உலகெங்கும் கொண்டு சென்றன.

இந்தப் புகழ் உச்சியை எட்டிய மறு ஆண்டிலேயே, 1927 அக்டோபரில், ‘தி ஜாஸ் ஸிங்கர்’ என்ற படம் திரையிலிருந்து பேசவும் பாடவும் செய்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் கொட்டகைகள் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கி பூட்டிக்கொண்டன. கூடவே பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. வாத்தியக் கோஷ்டிகள் கலைந்தன. ஆர்கன் பீடங்களின் மேல் துணி போர்த்தப்பட்டது. எத்தனையோ ஆண்டு உழைத்துத் தேர்ந்த வித்தை, குற்றம் ஏதுமின்றி, வேண்டாத பொருளாயிற்று.

அப்படியும் பிழைத்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் எவ்வாறு பிழைத்தார்கள் என்பதிலேதான் இந்தச் சரித்திரத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. 1902-ல் பிறந்த ரோஸா ரியோ என்ற அம்மையார், மௌனப் படங்களுக்கு வாசித்துக் கற்ற வித்தையை வானொலி நாடகங்களின் பின்னணிக்குத் திருப்பினார்; முதுமையில் மறுபடியும் மௌனப் படங்களுக்கு வாசிக்கத் தொடங்கி, நூறு வயதைக் கடந்த பிறகும் ரசிகர்களின் முன்னே அமர்ந்து, 2010-ல் நூற்றேழாம் வயதில் காலமானார். கேலார்டு கார்ட்டர் என்பவரும் வானொலியில் புகுந்து, பிற்காலத்தில் மௌனப் படங்களுக்குப் புத்துயிர் அளித்தவர்களில் முதன்மையானவராக விளங்கினார். இங்கிலாந்தில் பிளாக்பூல் கடற்கரை நகரத்துக் கோபுர நடன மண்டபத்தில் ரெஜினால்ட் டிக்ஸன் 1930 முதல் 1970 வரை நாற்பது ஆண்டுகள் நடனத்துக்கு வாசித்து, அந்நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டார். கனடாவிலிருந்து வந்த ஸாண்டி மக்ஃபெர்ஸன், 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டு பி.பி.சி.யின் வழக்கமான நிகழ்ச்சிகளெல்லாம் நிலைகுலைந்தபோது, நாளுக்குப் பல வேளை தனி ஒருவராக ஆர்கன் வாசித்து, கலங்கிய ஒரு தேசத்துக்கு ஆறுதல் அளித்தார். வித்தையைக் கொட்டகையோடு கட்டிப்போடாமல் வேறு களங்களுக்கு எடுத்துச் சென்றவர்கள் வாழ்ந்தார்கள். அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் பெயரும் தெரியாமல் மறைந்தார்கள்.

கீழ்த்திசை நாடுகளில் டோக்கியோவின் மிட்சுகோஷி அங்காடி 1930-ல் ஒரு வுர்லிட்ஸர் ஆர்கனை வரவழைத்து, இன்றளவும் அதைப் பேணி வருகிறது. நம் தீவின் மேடைச் சரித்திரத்தில் தியேட்டர் ஆர்கனின் ஸ்தானத்தை வகித்தவையோ பிடிலும் ஆர்மோனியமும் தபேலாவுமாகும். 1870-களில் பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்ஸி நாடகக் கோஷ்டியார் இந்துஸ்தானிப் பாட்டும் பகட்டான திரைச்சீலைகளுமாகப் பினாங்கு மக்களின் மனத்தைக் கவர்ந்தார்கள். அவர்களைப் பின்பற்றி, 1885-ஐ ஒட்டி, மாமாக் புஷி என்பவர் மலாய் மொழியில் நாடகம் நடத்தும் கோஷ்டியை இங்கே அமைத்தார். பங்சாவான் என்ற பெயரால் மலாயா முழுவதும் பரவிய அந்தக் கலை இவ்விதமாக நம் ஊரிலே வேரூன்றியது. இந்திர சபையும் லைலா மஜ்னுவும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் ஒரே மேடையில் ஏறிய அந்நாடகங்களுக்கு, இந்திய வாத்தியங்களோடு நாளடைவில் பியானோவும் எக்காளமும் சேர்ந்த கோஷ்டி வாசித்தது. காட்சி மாறும் இடைவெளியில் ஆட்டபாட்டங்களுக்கு வாசித்து, நடிகர் வசனத்தை நீட்டினால் தாமும் நீட்டி, குறைத்தால் தாமும் குறைத்த அக்கலைஞர்கள், ஆர்கன் வித்துவான்களின் உடன்பிறப்புக்களே.

ஆர்மோனியமும் காற்றைக் கொண்டே பாடுகிறது; ஆனால் அதில் குழல்கள் இல்லை, துருத்தி தள்ளும் காற்றில் அதிரும் உலோக நாக்குகளே உண்டு. ஐரோப்பாவில் பிறந்து, கல்கத்தாவில் கைத்துருத்தி பெற்று நம்முடையதாகிவிட்ட அப்பெட்டி, தமிழ் நாடக மேடையில் ராஜாங்கம் நடத்தியது. எஸ். ஜி. கிட்டப்பாவின் கந்தர்வக் குரலுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியத்தால் துணை நின்றதைப் பழைய ரசிகர்கள் மறந்ததில்லை. 1931-ல் ‘காளிதாஸ்’ என்ற தமிழ்ப் படம் பேசத் தொடங்கி, நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாக மாறியபோது, அங்கும் வித்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறியவர்கள் இருந்தார்கள். ஆர்மோனியக்காரராகத் தொடங்கிய ஜி. ராமநாதன் தமிழ்த் திரையின் இசைச் சக்ரவர்த்தியானார், எம். எஸ். விசுவநாதன் கடைசி வரையில் ஆர்மோனியத்தைக் கைவிடாமலே மெல்லிசைக்கு மன்னரானார்.

பங்சாவான் நடிகர்கள் பலர் மலாய்ப் படங்களுக்குச் சென்றார்கள். 1929-ல் பினாங்கில் பிறந்து, பிடில் ஏந்தி மேடையேறிய பி. ராம்லி, 1948-ல் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸின் கண்ணில் பட்டுச் சிங்கப்பூர்ப் படவுலகில் பின்னணிப் பாடகராக நுழைந்து, நடிகராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் நிகரற்று விளங்கியதை இந்நாட்டில் அறியாதவர் இலர். ஆனால் அவருக்கு முந்திய தலைமுறைகளில் மேடைக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்த பிடில்காரரும் தபேலாக்காரரும் யாவர்? அவர்களுள் எத்தனை பேர் சூலியா வீதியிலும் அதன் சந்துகளிலும் குடியிருந்த நம்மவர்கள்? அவர்களுடைய பெயர்களைச் சொல்ல நமக்கு இயலவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். 1955-ல் அமெரிக்காவில் தியேட்டர் ஆர்கன் பிரியர்கள் சங்கம் ஒன்றை ஸ்தாபித்து, தூசி படிந்து கிடந்த வாத்தியங்களைப் பழுது பார்த்தும், இளைஞர்களைப் பயிற்றுவித்தும், மௌனப் படங்களை வாசிப்போடு மீண்டும் திரையிட்டும் அக்கலையைக் காத்து வருகிறார்கள். நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டர் போய்விட்டது. கிராஃபோர்ட் வாசித்த ஆர்கனோ கன்ஸாஸ் மாகாணத்து விச்சிடா நகரத்தில் புது வாழ்வு பெற்றிருக்கிறது. வாத்தியத்தைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதனால் மட்டும் கலை பிழைப்பதில்லை. வாசிப்பவரும் கேட்பவரும் இருந்தால்தான் பிழைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆகையால் பினாங்கு வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்துப் பழைய பெட்டிகளில், பாட்டனார் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்த புகைப்படமோ, நாடக நோட்டீஸோ, கைப்பட எழுதிய ஸ்வரப் புத்தகமோ இருக்குமானால், அதைக் குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். அதிலுள்ளவர் யார், எந்தக் கோஷ்டியில் வாசித்தார் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் இப்பொழுதே கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள். பிள்ளைகளில் ஒருவனுக்கோ ஒருத்திக்கோ வாத்தியத்தில் நாட்டம் இருக்கக் கண்டால், அதனால் வருமானம் வருமா என்று கேட்பதற்கு முன் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிக் கொடுங்கள். ஊரில் எங்கே வாசிப்பு நடந்தாலும், அது ஆலயத்து ஆர்கனாயினும் கோயில் நாதஸ்வரமாயினும், நேரில் சென்று செவி கொடுங்கள். கலைஞனுக்குச் சம்பளம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் சபை. அந்தச் சபையாக அமர்வது நம்முடைய கடமை.