அடம் பிடிக்கும் போல்ட்: ஒரு ராத்திரி பொறுத்தால் எஞ்சின் பிழைக்கும்

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க அண்ணே, காலையில நாலரைக்குப் பாலம் தாண்டணும்.” ஜொகூர் பாரு வட்டாரப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. சிங்கப்பூர் வேலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரின் அவசரம் நியாயமானதுதான். ஆனால், துருப்பிடித்து இறுகிய போல்ட்டுக்கு அந்த நியாயம் தெரியாது. அவசரப்பட்டுத் திருகினால் அதன் தலை மழுங்கும். இல்லையென்றால் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். சில ரிங்கிட் போல்ட்டுக்காக எஞ்சினின் ‘ஹெட்’டையே கழற்றும் நிலை அப்படித்தான் வருகிறது.

வானொலியில் பேசுவது என் தொழில். காரில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ரேடியோ மட்டும்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். என் தம்பியின் பழைய புரோட்டோன் வீராவில் புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போய்விட்டது. மாசாயில் உள்ள எங்கள் ஃபோர்மேன் அண்ணன் இரண்டு நாள் கேட்டார். அரை நாள் வேலைக்கு இரண்டு நாளா என்று தம்பி முணுமுணுத்தான். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

ஏன் இறுகுகிறது?

இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட்டின் மரைகளுக்கு நடுவே அப்படி அடைத்தால் அதுவே ஆப்பு மாதிரி. வீரா போன்ற கார்களில் ஹெட் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். பாசிர் கூடாங் பக்கம் கடற்காற்று என்றால், உள்நாட்டில் வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பஹாட் பக்கம். தண்ணீரில் நின்ற காரைக் கழுவித் துடைத்து ஓட்டிவிடலாம். போல்ட்டுக்குள் போன ஈரம் பிறகுதான் வேலையைக் காட்டும்.

தலை மழுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் அரை அங்குல ஸ்பேனரை மாட்டினால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த ஆட்டத்திலேயே மூலைகள் தேய்ந்துவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளைப் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கும். பிடிவாதமான போல்ட்டுக்கு ஆறு முனைதான்.

அண்ணன் செய்த வரிசை

முதல் நாள் மாலை, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் அடித்து, சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 போதாதா என்று கேட்டேன். அது 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. ‘டபிள்யூடி’ என்பதன் பொருளே அதுதான். இறுகிய மரைக்குள் ஊறுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் இதற்கு மேல்.

மறுநாள் காலை, கழற்றுவதற்கு முன் போல்ட்டை ஒரு மயிரிழை இறுக்கினார். துருவின் பிடி விட்டதும் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். பிறகு கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தினார். நான்கு போல்ட்கள் இப்படியே வந்தன.

ஐந்தாவது அசையவில்லை. அதற்குச் சூடு. போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்கினார். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், துளை அகலும். அதற்கு முன் பெட்ரோல் குழாய், வயர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டார். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் மட்டும் நெருப்பைக் காட்டவே கூடாது. சிலவகை கிளீனர்கள் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

ஆறாவதின் தலை முன்பே யாரோ மழுக்கியது. மழுங்கிய தலைக்கு ஒரு அளவு சிறிய சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். உள்பக்கம் சுருள் வெட்டு உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டையும் போடலாம். இரண்டும் வழுக்கின. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மழுங்கிய தலைமேல் புதிய நட்டை வைத்து வெல்டிங் செய்தார். வெல்டிங் சூடே துருவைத் தளர்த்தியது. நட்டு பிடிமானம் கொடுத்தது. வந்துவிட்டது.

தலையே உடைந்து உள்ளே தங்கினால் கடைசி வழி, நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டரைத் திருகுவது. அது மிகக் கடினமான எஃகு. அதுவும் உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் தொடவே முடியாது. ஹெட் மெஷின் கடைக்குப் போக வேண்டியதுதான்.

“தம்பி, எண்ணெய் ஊறுறதுக்கு நான் காசு வாங்க முடியாது. ஆனா ஊற விடலைன்னா கஸ்டமர்தான் காசு கொடுக்கணும்,” என்றார் அண்ணன். பட்டறைக்காரரின் சங்கடம் இதுதான். காத்திருந்த நேரத்துக்கு பில் போட முடியாது. “நாளைக்கு வாங்க” என்றால் சோம்பேறி என்ற பெயர். அதற்குப் பயந்து நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுப்பவர்களும் உண்டு. அந்த இழுப்புக்கு நாமும்தான் காரணம்.

எனவே, பழைய காரைப் பட்டறையில் விடும்போது வாசகர்கள் மூன்று விஷயம் சொல்லலாம். ஒன்று: போல்ட் இறுகியிருந்தால் ஒரு இரவு எடுத்துக்கொள்ளுங்கள், நான் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன். இரண்டு: வெளியே வந்த துருப்பிடித்த போல்ட்டை மறுபடி போடாமல் புதிதாகப் போடுங்கள். மூன்று: புகைக்குழாய் போன்ற சூடான இடங்களில் செம்பு கிரீஸ் தடவி, டார்க் ஸ்பேனரால் அளவோடு இறுக்குங்கள். கிரீஸ் தடவிய மரை எளிதாகச் சுற்றும் என்பதால், அளவை மீறி இறுக்கிவிடக் கூடாது.

தம்பியின் கார் இரண்டாம் நாள் மாலை தயாரானது. ஆறு போல்ட், ஒரு கேஸ்கெட், கூலி. அவ்வளவுதான் செலவு. ஹெட்டில் யாரும் கை வைக்கவில்லை.