கையை விடாதீங்க, குளத்தைக் காட்டுங்க! தேரூர் கரையில் சின்னப் பிள்ளைகளுடன் ஒரு காலை

– நமது நிருபர் –

நாகர்கோவில்,

"குளத்தில் மூழ்கி சிறுவன் பலி!"

இந்தத் தலைப்பில் நான் எழுதிக் கொடுத்த செய்திகளுக்குக் கணக்கு இல்லை. பெயர் மாறும். ஊர் மாறும். "விளையாடச் சென்றபோது", "கால் தவறி", "கதறி அழுத காட்சி" – இது மட்டும் மாறாது.

சாயங்காலம் இதைப் படிக்கிற தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? "இனி குளத்துப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்று பிள்ளையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவார்கள். கையில் ஒரு செல்போன். தீர்ந்தது கவலை.

அப்படி வளர்கிற பயல்தான் என் அக்கா மகன். வயது 6. மாடி வீடு. ஒருநாள் புத்தகத்தில் படத்தைக் காட்டிக் கேட்டான்:

"மாமா, இந்த நாரை நிசமா இருக்கா? இல்ல டைனோசர் மாதிரி செத்துப் போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுக்கி விழுந்தால் குளத்துக் கரையில் விழுகிற நாஞ்சில் நாட்டில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலேயே அவனையும், 4 வயது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு தேரூருக்குக் கிளம்பினேன். அக்காவுக்கு இஷ்டமே இல்லை.

"நீ எழுதுற நியூசுல எம் பிள்ளையளக் கொண்டு வந்திராதடே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவிமணி ஊர்

சுசீந்திரத்தை ஒட்டிய தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876–ல் பிறந்த ஊர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பசுவையும் கன்றையும் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவர்.

அவர் ஊர்க் குளத்துக்கு 2022–ல் உலகப் பெருமை வந்தது. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம், சுமார் 94 எக்டேர், ராம்சார் பட்டியலில் ஏறியது. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஊர். நீர்நிலைகளைக் காப்பாற்ற 1971–ம் ஆண்டு பிப்ரவரி 2–ந் தேதி அங்கேதான் ஒப்பந்தம் போட்டார்கள். நம் மாவட்டத்து வேம்பனூர் குளமும் அதே 2022–ல் இந்தப் பட்டியலுக்குப் போனது.

இத்தனைக்கும் இது தானாக உண்டான ஏரி இல்லை. வயலுக்குப் பாய்ச்ச மனிதன் வெட்டிய குளம். பறவைக்கு அதெல்லாம் தெரியுமா? தண்ணீரும் மீனும் இருந்தால் வந்துவிடுகிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மத்திய ஆசியாவில் இருந்துகூடப் பறந்து வருகின்றன. பாஸ்போர்ட் கிடையாது, டிக்கெட் கிடையாது!

"பாம்பு நீந்துது!"

கரையில் ஏறியதும் பயல் முதலில் செய்த வேலை, கல்லைப் பொறுக்கியது. எறிய விடவில்லை.

"எறிஞ்சா எல்லாம் பறந்து போயிரும். சும்மா நின்னா பக்கத்துல வரும்" என்றேன். நம்பவில்லை. ஆனாலும் கல்லைப் பையில் போட்டுக்கொண்டான்.

திடீரென்று சின்னவள் கத்தினாள்: "மாமா, பாம்பு நீந்துது!"

பார்த்தால் பாம்புத்தாரா. உடம்பு பூராவும் தண்ணீருக்குள். கழுத்து மட்டும் வெளியே, நெளிந்து நெளிந்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டையில் ஏறி, கொடியில் சட்டை காயப்போட்ட மாதிரி இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது.

"ஏன் அப்படி நிக்குது?"

இதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும். அதனால்தான் சுலபமாக முங்கி மீன் பிடிக்க முடிகிறது. வெளியே வந்தால் வெயிலில் உலர்த்த வேண்டும். சொன்னதும் இரண்டு பேரும் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். சைக்கிளில் போன பெரியவர் இறங்கி நின்று பார்த்தார்.

அப்புறம் நத்தைகுத்தி நாரை. வாயை மூடினாலும் அலகின் நடுவில் சந்து தெரியும். நத்தை பிடிக்க வாகான அலகு. அதையும் தாண்டி, தாமரை இலைமேல் நடந்து போகிற இலைக்கோழி. விரல்கள் ரொம்ப நீளம். பாரம் பரவுவதால் இலை முங்காது. இதன் குடும்பக் கதைதான் வேடிக்கை. பொட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவல்!

பயல் வாய் மூடவில்லை. "ஏன்? எப்படி? எதுக்கு?" – கேள்விமேல் கேள்வி.

கேட்கட்டும். பறவை நிபுணர் சலீம் அலி சின்ன வயதில் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் இருந்தது. "இது என்ன குருவி?" என்று பம்பாயில் விசாரிக்கப் போனதில்தான் அவர் கதை ஆரம்பம். அதே மனிதர் 1933–ல் திருவிதாங்கூர் பறவைகளை ஆராய வந்தார். நம்ம பக்கம் அன்றைக்குத் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

ஒரே ஒரு விநாடி

ஒரு கூழைக்கடா தாழப் பறந்து வந்தது. நான் அண்ணாந்து பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

என் கையில் இருந்த சின்ன விரல் கையில் இல்லை!

நத்தை எடுப்பதற்காகச் சின்னவள் படித்துறையில் இரண்டு படி இறங்கிவிட்டாள். பாசி பிடித்த கல். கால் வழுக்கி உட்கார்ந்து, தண்ணீர்ப் பக்கம் சரிகிறாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"கூழைக்கடா பாக்கணும்னா தனியா வா தம்பி. பிள்ளையோட வந்தா பிள்ளையப் பாரு!"

எனக்குப் பதில் வரவில்லை. கைகால் வெலவெலத்துப் போயிற்று. எத்தனை தகப்பன்மாரிடம் நோட்டும் பேனாவுமாகப் போய், "அப்போ நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டிருக்கிறேன்!

ஒன்று சொல்ல வேண்டும். அவள் கத்தவே இல்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டி அலறுவது சின்னப் பிள்ளையிடம் கிடையாது. ஓசையில்லாமல் முங்கிவிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021–ல் உலகத்தில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய கால்வாசி 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

அதனால் கூட்டிப் போகிறவர்கள் கை எட்டுகிற தூரத்திலேயே பிள்ளையை வையுங்கள். போனைப் பையில் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை போதும். நான் செய்த தப்பு அதுதான். படித்துறை வேண்டாம், மடைப் பக்கம் வேண்டாம், மறுகால் பாயும்போது அந்தத் திசையே வேண்டாம். மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. கரைமேல் நின்றாலே எல்லாம் தெரியும். 6 வயது தாண்டினால், தெரிந்த ஆளை வைத்து நீச்சல் பழக்குங்கள்.

அப்படியானால் பூட்டியே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நான் எழுதிய பல செய்திகளில் செத்தது, வீட்டுக்குத் தெரியாமல் லீவு நாளில் போன பயல்கள். எந்தப் பக்கம் ஆழம், எந்தக் கல் வழுக்கும் என்று யாரும் காட்டிக் கொடுக்காத பயல்கள்.

பூட்டி வைத்தால் கண்ணும் கெடுகிறது. தைவான் நாட்டில் கிட்டப்பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைகள் பெருகியதால், தினம் 2 மணி நேரம் வெளியில் விட வேண்டும் என்று 2010–ல் ஒரு திட்டமே கொண்டுவந்தார்கள். பலன் தெரிந்தது.

திரும்பும்போது கரையோரம் பிளாஸ்டிக் பைகள், பாட்டில்கள். "இத யாரு மாமா போட்டது?" என்றான் பயல். குருவிக்கும் நாரைக்கும் பதில் சொன்ன எனக்கு இதற்குப் பதில் வரவில்லை. பையில் இருந்த கல்லை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு வந்தான்.

படித்துறை விவரத்தை அக்காவிடம் நானே சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குள் பயல் ஓடிப்போய் ஆச்சியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆச்சி, அந்தக் கோழியில ஆம்பளதான் அடைகாக்குமாம். ஆம்பளதான் பிள்ள வளக்குமாம்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிழவி தலை நிமிரவில்லை.

"அத ஒங்க பாட்டாகிட்டப் போய் சத்தமாச் சொல்லு மக்கா."