எழுதுகோலும் உரிமமும்



எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் கற்பலகையும் பேனாவும் தட்டச்சுப் பொறியும் வந்தன. இன்று கணிப்பொறியில் இயங்கும் சொற்செயலி என்னும் மென்பொருள் அவற்றின் இடத்தைப் பெற்றிருக்கிறது. கட்டுரை, செயல்திட்ட அறிக்கை, விண்ணப்பம் ஆகிய யாவும் அதிலேயே எழுதப்படுகின்றன. ஆயினும் பழைய கருவிகளுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பேனாவை விலை கொடுத்து வாங்கினால் அது நமக்கே சொந்தம். தம்பிக்குக் கொடுக்கலாம், தோழனுக்கு இரவல் தரலாம். மென்பொருளை வாங்குகிறோம் என்று சொல்லும்போது நாம் பெறுவது பெரும்பாலும் பொருள் அன்று. அதனைப் பயன்படுத்துவதற்குரிய அனுமதியே ஆகும். அவ்வனுமதிக்கு உரிமம் என்று பெயர். யார், எத்தனை கணிப்பொறிகளில், எவ்வளவு காலம், எந்நோக்கத்திற்காகப் பயன்படுத்தலாம் என்பதை அதுவே வரையறுக்கிறது. ஆதலால் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஏற்ற சொற்செயலி எது என்று ஆராயப் புகுவோர், விலையைப் பார்ப்பதோடு நில்லாமல் உரிமத்தையும் படித்தல் வேண்டும்.

உரிமங்களை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, ஒருமுறை பணம் செலுத்திப் பெறுவது. இது பெரும்பாலும் ஒரு கணிப்பொறிக்கு மட்டுமே செல்லும். இரண்டாவது, மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா. கட்டணம் நின்றால் எழுதும் வசதியும் நின்றுவிடும். மூன்றாவது, கல்வி நிலையங்களுக்கென்று நிறுவனங்கள் தரும் சலுகை. கூகுள் டாக்ஸும், மைக்ரோசாப்ட் வேர்டின் இணையவழிப் பதிப்பும் தகுதியுடைய பள்ளிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நான்காவது, கட்டற்ற மென்பொருள்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. தமிழுக்கு அத்தொல்லை இல்லை. இலவசம் என்பது விலை இல்லாமை. கட்டற்றது என்பது உரிமை உடைமை. அதாவது, விரும்பியவாறு பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்துப் பார்க்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உள்ள உரிமை. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து இக்கருத்தை ஓர் இயக்கமாக வளர்த்தார். ஆசிரியர் ஒருவர் தம் கையிலுள்ள மென்பொருளை மாணவர் அனைவருக்கும் படியெடுத்துக் கொடுத்தால், அது சட்டத்திற்கும் அறத்திற்கும் உடன்பாடாக அமைவது இவ்வகையில்தான்.

இவ்வகையைச் சேர்ந்த சொற்செயலியின் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் தோன்றிய ஸ்டார் ஆபீஸ் என்னும் தொகுப்பை 1999ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டிலேயே அதன் மூலநிரலை உலகுக்குத் திறந்து வைத்தது. அவ்வாறு பிறந்ததே ஓப்பன் ஆபீஸ். 2010ஆம் ஆண்டில் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்கு மாறியபோது, அதனை உருவாக்கி வந்தவருள் பலர் பிரிந்து சென்று, அதே நிரலிலிருந்து லிப்ரே ஆபீஸ் என்பதைத் தொடங்கினர். உரிமையாளர் மாறியும் மென்பொருள் மறைந்துபோகவில்லை; உரிமம் அதற்கு இடம் தரவில்லை. நம் மாநில மேல்நிலை வகுப்புக் கணிப்பொறிப் பாடநூல்களும் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸையும், பின்னர் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரையும் கற்பித்தன என்பது ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது.

இனி, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் 30 கணிப்பொறிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் சந்தா 400 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஐந்தாண்டுகளில் 60,000 ரூபாய். அத்தொகையில் 200 ரூபாய் விலையுள்ள 300 நூல்களை நூலகத்திற்கு வாங்கலாம். அதனினும் முக்கியமானது வேறொன்று. பள்ளி பணம் கட்டிவிடலாம்; மாணவர் வீட்டில் யார் கட்டுவது? பள்ளியில் ஒன்றைக் கற்பித்து, வீட்டில் அது கிட்டாத நிலையை உண்டாக்கினால், வசதியுள்ள பிள்ளை பயிற்சி பெறுவான். வசதியற்ற பிள்ளை பின்தங்குவான், அல்லது திருட்டுப் படியைத் தேடிச் செல்வான்.

திருட்டுப் படி என்று கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணிப்பொறி நிரல்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தன. பூட்டை உடைத்து வழங்கப்படும் மென்பொருளோடு நச்சுநிரலும் சேர்ந்து வருவதுண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, பிறர் உழைப்பை மதிக்க வேண்டும் என்று போதிக்கும் இடத்திலேயே அதற்கு மாறான செயலைக் காட்டுவது கல்வி ஆகாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். மென்பொருள் தானமாக வந்தால் பார்த்தே ஆகவேண்டும். பார்க்க வேண்டுவன நான்கு.

முதலாவது, தேவை. தலைப்பு, பத்தி, அட்டவணை, படம், பக்க எண், அடிக்குறிப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் வசதியே உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு வேண்டும். இவற்றை மேற்சொன்ன சொற்செயலிகள் யாவும் செய்யும்.

இரண்டாவது, தமிழ். முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால், தமிழ்க் கட்டுரை பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறி முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தனியிடம் உண்டு. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. எனவே எந்தச் சொற்செயலியாயினும் ஒருங்குறியிலேயே எழுதுங்கள். 1999ஆம் ஆண்டில் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்வது உங்களுக்கு வாழ்நாள் முழுதும் பயன்படும்.

மூன்றாவது, கோப்பின் வடிவம். உங்கள் எழுத்தை வேறொரு மென்பொருளும் திறக்க முடிய வேண்டும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006ஆம் ஆண்டிலும், வேர்டு பயன்படுத்தும் வடிவம் 2008ஆம் ஆண்டிலும் உலகத் தரங்களாக ஏற்கப்பட்டன.

நான்காவது, இணையமும் கணக்கும். இணையவழிச் சொற்செயலியில் பலர் ஒருங்கே எழுதலாம் என்பது பெரிய நன்மை. ஆனால் இணையம் தடைப்பட்டால் வேலையும் பெரும்பாலும் தடைப்படும். பள்ளி தந்த கணக்கு, பள்ளியை விட்டு நீங்கியபின் மூடப்படலாம்; அதிலுள்ள கட்டுரைகளும் அதனோடு போய்விடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஒரு படியைத் தம்மிடம் இறக்கி வைத்துக்கொள்ளுதல் நலம்.

‘அலுவலகங்களில் வேர்டு அன்றோ வழங்குகிறது? வேறொன்றைக் கற்றால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் வினவுவர். நியாயமான வினாவே. மிதிவண்டி ஓட்டக் கற்றவனுக்கு அதன் நிறுவனம் எதுவாயின் என்ன? தலைப்புக்குத் தலைப்புப் பாணியைப் பயன்படுத்துதல், பொருளடக்கத்தைத் தானே அமையச் செய்தல், அட்டவணையை ஒழுங்கு செய்தல் ஆகியன எங்கும் ஒன்றே. பொத்தான்களின் இடந்தான் மாறும். எனினும் ஒன்றை மறைக்கலாகாது. ஒரு மென்பொருளில் செய்த சிக்கலான பக்க அமைப்பு மற்றொன்றில் சற்றே குலைந்து தோன்றுவதுண்டு. படிப்பதற்கு மட்டும் அனுப்புவதாயின் பி.டி.எஃப் வடிவில் அனுப்புக. பிறர் திருத்துவதற்கு அனுப்புவதாயின் அவர் கேட்கும் வடிவில் சேமித்து, ஒருமுறை திறந்து பார்த்து அனுப்புக.

முடிவாக, என் கருத்து இது. பள்ளிக் கணிப்பொறிகளிலும் மாணவர் வீட்டிலும் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற சொற்செயலியை அடிப்படையாகக் கொள்க. குழுவாக எழுதும் பணிக்கு, பள்ளிக்குக் கிடைக்கும் இணையவழிச் சலுகையைத் துணையாகக் கொள்க. சிறப்புத் தேவை உள்ள இடத்தில் மட்டும் பணம் செலுத்தி உரிமம் பெறுக. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்துமுன், எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று ஒரு நிமிடம் படியுங்கள். நாளை வாழ்க்கையில் நீங்கள் கையொப்பம் இடப்போகும் எத்தனையோ பத்திரங்களுக்கு அதுவே முதற்பயிற்சி ஆகும்.