இயங்குதளங்களுக்கிடையே வெளி வன்தட்டுப் பகிர்வு

ஒரே வெளி வன்தட்டை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய வெவ்வேறு இயங்குதளங்களில் பயன்படுத்த முடியுமா என்பதை அதன் கோப்பு முறைமையே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் இச்சிக்கல் பள்ளி மாணவர்களையும் எட்டியது. தூத்துக்குடி உட்பட எல்லா மாவட்டங்களிலும் வழங்கப்பட்ட அக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது.

லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் அமைந்த வன்தட்டை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் உள்ளிருக்கும் பாடக்குறிப்புகளும் செய்முறை ஏடும் பறிபோகும். அதை ரத்து செய்துவிட்டு, லினக்ஸில் திறந்து கோப்புகளை நகலெடுப்பதே சரியான வழி.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் தட்டில் லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். மேக் இயல்பாகப் படிக்க மட்டுமே செய்யும். ஃபேட்32 மூன்றிலும் இயங்கும். ஆனால் 4 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பை ஏற்காது. பெரிய காணொளிகளுக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது. மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த லினக்ஸ் கருனி 5.4 அதற்கு ஆதரவளித்தது. அதற்கு முந்தைய லினக்ஸில் தனி மென்பொருளை நிறுவ வேண்டும்.

கோப்பு முறைமையை மாற்றினால் தட்டு முழுவதும் அழியும் என்பதால், முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்வது அவசியம்.