பாபவிநாசம் நீர்த்தேக்கம், திருமலை

இந்த ஏரியை நிரப்புவது மழை. இமயத்து ஏரிகளுக்குப் பனியாறு உண்டு. திருமலை அமைந்த சேஷாசல மலைக்கு வாய்த்தது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த குவார்ட்சைட் பாறையின் வெடிப்புகளில் இறங்கும் நீர், மழை ஓய்ந்த பிறகும் சுனைகளாகக் கசிந்துகொண்டிருக்கும்.

இராமாநுஜரின் தாய்மாமன் திருமலை நம்பி, பெருமாளின் திருமஞ்சனத்துக்கு இங்கிருந்தே குடத்தில் நீர் சுமந்தார் என்பது வைணவ மரபு. கோயில் இங்கிருந்து சுமார் 5 கி.மீ. மேடும் பள்ளமும் போதாதென்று முதுமை வேறு. ஒருநாள் வழியில் ஒரு வேடன், "தாத்தா, தாகமாக இருக்கிறது" என்று கேட்டானாம். அபிஷேக நீரைத் தர நம்பி மறுக்க, அம்பால் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். கலங்கி நின்றவருக்கு, மலையில் இன்னோர் அம்பு எய்து ஆகாச கங்கை என்னும் தீர்த்தத்தைத் திறந்து காட்டி மறைந்தான். அது கோயிலுக்கு இன்னும் பக்கம். கிழவருக்கு நடை மிச்சம். யார் அந்த வேடன் என்று சொல்லத் தேவையில்லை. இந்நிகழ்ச்சி இன்றும் திருமலையில் தண்ணீரமுது உற்சவமாக நடக்கிறது.

அணைக்குப் பின்னால் தேங்கும் இந்நீர், திருமலைக்கு வரும் பக்தர்களுக்குக் குடிநீரும் ஆகிறது. தேக்கத்தில் இறங்க வேண்டாம்.