சின்ன ஸ்பீக்கரில் பெரிய பாஸ்

மானாம்பதி ஊர்த் திருவிழாவில் பாக்ஸ் ஸ்பீக்கர் அதிர்ந்தால் பாஸ் எனும் அடி ஒலி நெஞ்சில் இடிக்கும். அதே பாட்டைக் கைப்பேசியில் போட்டாலும் பாஸ் கேட்கிறதே, எப்படி?

பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில் அதிரும். அதைச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. ஆனால் 82, 123 என மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கும். அவற்றைக் கொண்டே அடி ஒலியை நம் மூளை உணர்ந்துகொள்கிறது.

அதனால்தான் ஒலிக்கலவையில் பாஸை இரண்டாகப் பிரிப்பதுண்டு. ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தெளிவாக, சீராக வைப்பார்கள். மேலே உள்ளதில் கொஞ்சம் கரகரப்பு ஏற்றி, அந்த மடங்கு அதிர்வுகளைக் கூட்டுவார்கள். பிறகு இரண்டையும் சேர்ப்பார்கள்.

இன்று இளையராஜா பாட்டு ஒன்றைக் கேளுங்கள். அடியில் ஓடும் பாஸ் கிட்டாரைக் காதால் பின்தொடருங்கள். அது தனியாக ஒரு பாட்டே பாடும்!