வளைத்த உலோகத் தகடும் கணினிக் கண்ணிவலையும்

மாணவர்களே, சுவரில் இறாக்கைப் பலகையைத் தாங்கும் செங்கோணத் தாங்கியை நீங்கள் கண்டிருப்பீர்கள். மெல்லிய உருக்குத் தகட்டை 90° வளைத்து அது ஆக்கப்படுகின்றது. இத்தாங்கி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை, அதனை ஆக்குவதற்கு முன்னரே கணினியின் மூலம் கணித்தறியலாம். இதற்குப் பயன்படும் முறை முடிவுள்ள மூலக முறை எனப்படும். விமானச் சிறகுகள் போன்ற சிக்கலான அமைப்புகளின் விறைப்பைக் கணிப்பதற்காக 1956 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இம்முறைக்கு வழிகோலியது. அக்கட்டுரையை எழுதியோருள் ஒருவரான றே கிளஃப் 1960 இல் இம்முறைக்கு இப்பெயரை இட்டார்.

கண்ணிவலை என்றால் என்ன?

பொருளொன்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் மூலகம் எனப்படும். மூலகங்கள் இணையும் புள்ளிகள் கணுக்கள் ஆகும். இவை யாவும் சேர்ந்ததே கண்ணிவலை. சுமை ஏற்றப்படும்போது ஒவ்வொரு கணுவும் எவ்வளவு இடம்பெயர்கின்றது என்பதைக் கணினி முதலில் கணிக்கும். அதிலிருந்தே தகைப்பு பெறப்படும். எனவே கண்ணிவலை பிழையெனின் விடையும் பிழையாகும். வளைத்த தகடுகளில் பின்வரும் நான்கு சிக்கல்கள் அடிக்கடி ஏற்படுகின்றன.

1. தகடு மிக மெல்லியதாக இருத்தல்

தாங்கியின் ஒவ்வொரு புயமும் 100 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உடையதெனக் கொள்வோம். தகடு வளையும்போது ஒரு முகம் இழுபடும், மறுமுகம் நெருக்கப்படும், நடுவில் இரண்டும் இல்லை. தடிப்பினூடாக ஒரேயொரு எளிய திண்ம மூலகத்தை வைத்தால் இம்மாற்றத்தை அதனால் சரியாகக் காட்ட முடியாது. தகடு உண்மையில் உள்ளதைவிட விறைப்பானதாகத் தோன்றும். தடிப்பை நான்காகப் பிரித்து 0.5 மி.மீ. சதுரமுகிகளை இட்டாலோ, ஏறத்தாழ 400 × 200 × 4 = 320,000 மூலகங்கள் தேவைப்படும்.

தீர்வு: தகட்டின் நடுப்பரப்பை மட்டும் வரைந்து பரப்பு மூலகங்களை இடுக. தடிப்பு 2 மி.மீ. என்பதை எண்ணாக மட்டும் கொடுத்தால் போதும். 5 மி.மீ. பக்கமுள்ள சதுரங்களாயின் ஏறத்தாழ 40 × 20 = 800 மூலகங்களே தேவை.

2. நடுப்பரப்புகள் ஒன்றுசேராதிருத்தல்

இரு புயங்களின் நடுப்பரப்புகளையும் தனித்தனியே எடுக்கும்போது மூலையில் சிறு இடைவெளி ஏற்படலாம். கண்ணுக்கு அவை சேர்ந்திருப்பதாகத் தோன்றினாலும், பொதுவான கணுக்கள் இல்லையெனின் கணினிக்கு அவை இரு வேறு தகடுகளே. ஒன்றின் சுமை மற்றதற்குச் செல்லாது.

தீர்வு: விளிம்புகளை நீட்டி இணைத்து, எல்லைக் கோட்டில் இரு பக்க மூலகங்களும் அதே கணுக்களைப் பகிருமாறு செய்க.

3. வளைவைப் போதிய அளவு பிரிக்காமை

உள் ஆரை 2 மி.மீ. எனின் நடுப்பரப்பின் ஆரை 2 + 1 = 3 மி.மீ. 90° வில்லின் நீளம் 4.71 மி.மீ. இவ்வில்லை நேர்த்துண்டுகளால் பிரித்துப் பார்ப்போம்.

1 துண்டு – 4.24 மி.மீ.
2 துண்டுகள் – 4.59 மி.மீ.
4 துண்டுகள் – 4.68 மி.மீ.

துண்டுகள் கூடக்கூட உண்மை நீளத்தை நெருங்குவதைக் கவனிக்க. வட்டத்தினுள் பல்கோணி வரைந்து π இன் பெறுமானத்தை ஆக்கிமிடீசு அண்ணளவாகக் கண்டதும் இத்தத்துவத்தினாலேயே.

தீர்வு: வளைவில் குறைந்தது நான்கு மூலகங்களை இடுக, தட்டையான புயங்களில் பெரிய மூலகங்கள் போதும்.

4. உட்கோணம் கூராக இருத்தல்

வளைவின் ஆரை தடிப்பை அண்மித்ததாயின், உட்புறத் தகைப்பைத் துல்லியமாக அறிய அவ்விடத்திற்கு மட்டும் திண்ம மூலகங்கள் வேண்டும். அப்போது வளைவு ஆரையை விட்டுவிட்டு உட்கோணத்தைக் கூராக வரைந்தால், மூலகங்களைச் சிறிதாக்கும் ஒவ்வொரு முறையும் தகைப்பு கூடிக்கொண்டே போகும். முடிவான விடை கிடைக்காது.

தீர்வு: உண்மைத் தகட்டிலுள்ள ஆரையையே வரைக.

விடையை எவ்வாறு நம்பலாம்?

மூலகத்தின் பக்கத்தை அரைவாசியாக்கி மீண்டும் கணிக்க. உயர் தகைப்பு முறையே 120, 138, 142, 143 மெகாபஸ்கால் என வந்ததாகக் கொள்வோம். இறுதி இரு விடைகளுக்குமிடையே வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே கண்ணிவலை போதுமானது. முதல் விடையுடன் நிறுத்தியிருந்தால் தகைப்பைக் குறைவாக மதிப்பிட்டிருப்போம்.

இச்சோதனையின் அவசியத்தை நோர்வேயில் நிகழ்ந்த ஒரு விபத்து உணர்த்துகின்றது. சிலைப்னர் ஏ என்னும் கடல் எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளம் 1991 ஓகத்து 23 இல் கடலில் மூழ்கியது. சுவர்கள் சந்திக்கும் இடத்தில் இடப்பட்ட பொருத்தமற்ற கண்ணிவலை, வெட்டுத் தகைப்பை 47% குறைவாகக் காட்டியிருந்தது. அதனால் அச்சுவர்கள் போதிய வலுவின்றி அமைக்கப்பட்டிருந்தன. அது தகடு அன்று, கொங்கிறீற்று. எனினும் இரு பகுதிகள் சந்திக்கும் மூலையிலேயே அங்கும் தவறு நேர்ந்தது என்பதைக் கருத்திற் கொள்க.

நினைவிற் கொள்க

கணினி திரையில் காட்டும் நிறப்படம் அழகாக இருப்பது விடை சரியென்பதற்குச் சான்றாகாது. கண்ணிவலையை மாற்றியும் மாறாத விடையே நம்பத்தக்கது.

பயிற்சி

1. தடிப்பு 2 மி.மீ., உள் ஆரை 4 மி.மீ. ஆன தகடு 90° வளைக்கப்பட்டுள்ளது. நடுப்பரப்பின் ஆரையையும் வில்லின் நீளத்தையும் காண்க. (π = 3.14)
2. மெல்லிய தகட்டிற்குப் பரப்பு மூலகங்கள் பொருத்தமானவை என்பதற்கு இரு காரணங்கள் தருக.

விடைகள்

1. 5 மி.மீ.; 7.85 மி.மீ.
2. மூலகங்களின் எண்ணிக்கை குறையும். தடிப்பினூடாகத் தகைப்பு மாறுவதை ஒரே மூலகத்தால் காட்ட முடியும்.